நம்ம ஆற்றில் சால்மன் இல்லை, அயிரை இருக்கிறது: பிள்ளைகளை வைத்து ஆற்றைக் கவனிக்க எங்கே தொடங்குவது?

ஓடைக்கரை டீச்சர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். போடி பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கொட்டகுடி ஆறு. குரங்கணி மலையிலிருந்து இறங்கி, அணைப்பிள்ளையார் தடுப்பணையைத் தாண்டி, போடியைத் தொட்டுக்கொண்டு கடைசியில் வைகைக்குப் போகிறதே, அதே ஆறுதான்.

என் அக்கா மகள் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் ஏழாவது படிக்கிறாள். போன மாதம் வீடியோ காலில் அவளுடைய நோட்டைக் காட்டினாள். அவள் பள்ளிக்குப் பக்கத்தில் சால்மன் மீன் ஏறுகிற ஓடை ஒன்று இருக்கிறதாம், மாதம் ஒரு முறை வகுப்பே போய் தண்ணீரின் சூடு, ஆக்ஸிஜன், கலங்கல், கல்லுக்கடியில் இருக்கிற பூச்சி எல்லாம் பார்த்து எழுதுகிறார்கள். நான் அதை எட்டாம் வகுப்பில் சொன்னதும் ஒரு பையன் எழுந்து, "மிஸ், நம்ம ஆத்துல என்ன மீன் இருக்கு, நமக்கே தெரியாதே" என்றான். உடனே வகுப்பே கத்தியது: கெண்டை, கெளுத்தி, ஜிலேபி, அயிரை. அயிரை என்றதும் இன்னொருவன், அவனுடைய தாத்தா வேட்டியை விரித்து அயிரை அள்ளினதாகவும், இப்போது அவர்கள் வீட்டில் அயிரைக் குழம்பு என்றால் சந்தையில் ஆட்டுக்கறிக்கு மேல் விலை கொடுத்துத்தான் வாங்குவதாகவும் சொன்னான்.

போன வருடமே நான் ஒரு தடவை முயற்சி செய்து சொதப்பினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரின் அமில, காரத் தன்மையை (பி.எச்.) காட்டுகிற, மீன்தொட்டிக்குப் பயன்படுத்துகிற கலர் பட்டைகளை என் காசில் வாங்கி, 22 பிள்ளைகளையும் மொத்தமாகத் துணி துவைக்கிற படித்துறைக்கு அழைத்துப் போனேன். பட்டையை முக்கினால் ஒருத்தி பச்சை என்கிறாள், ஒருவன் மஞ்சள் என்கிறான். கடைசியில் எல்லாரும் "பி.எச். 7" என்று எழுதிவிட்டுத் தண்ணீரில் ஆட்டம் போட்டார்கள். நுரை மிதந்ததைப் பார்த்து "மாசு, மாசு" என்று ஒரே கூச்சல், கிட்டப்போய்ப் பார்த்தால் ஒரு அக்கா அப்போதுதான் போர்வை அலசிக்கொண்டிருந்தார். ஒரு அலுவலகத்துக்கு நல்ல கிட் கேட்டு மனு எழுதினேன், பதிலே இல்லை.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்யணும். எதை அளக்கணும், எதைக் கொண்டு அளக்கணும், எந்த இடத்தில் நிற்கணும்? கையில் பெரிய காசு கிடையாது. அப்புறம், அளந்து என்னதான் ஆகப்போகிறது என்று தலைமையாசிரியர் கேட்டால் என்ன சொல்ல?

கல்புரட்டி (பதில்)

டீச்சர், பொள்ளாச்சி ஆனைமலைப் பக்கம் ஓடைகளில் பூச்சி பார்க்கிற ஆள் நான். முதல் வேலையாக அந்தக் கலர் பட்டையை அலமாரியில் வைத்துவிடுங்கள். மலையிலிருந்து வருகிற ஆற்றில் பி.எச். பெரும்பாலும் 6.5-க்கும் 8.5-க்கும் நடுவில்தான் நிற்கும், ஆறு பாதி செத்த பிறகும் அது அசையாமல் இருக்கலாம். பிள்ளைகளுக்கு அதைவிடச் சலிப்பான எண் வேறு இல்லை.

கல்லைப் புரட்டுங்கள். அது போதும், தொடங்க. ஒரு மீட்டர் கொசுவலைத் துணி, இரண்டு பக்கமும் தைக்க இரண்டு மூங்கில் குச்சி, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, டீ வடிகட்டி, ஸ்பூன், ஐஸ் வைக்கிற டிரே. முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற, கல் நிறைந்த இடமாகப் பாருங்கள். இரண்டு பேர் வலையைத் தண்ணீர் போகிற பக்கம் பிடித்துக்கொள்ள, ஒருத்தர் வலைக்கு மேல்பக்கம் நின்று ஒரு நிமிடம் காலால் கல்லைக் கிளறணும். ஒவ்வொரு தடவையும் அதே ஒரு நிமிடம், அதே அளவு இடம். வலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்துத் தண்ணீர் விட்டால், முதலில் வெறும் சருகும் மண்ணும்தான் தெரியும். அரை நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள், சருகு நடக்க ஆரம்பிக்கும்.

அதில் மூன்று கூட்டத்தைத் தேடணும். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை. சியாட்டில் ஓடையில் உங்கள் அக்கா மகள் தேடுவதும் இதே மூன்றைத்தான், சால்மன் குஞ்சுக்கு இவை நல்ல சாப்பாடு. பேர் வாயில் நுழையாவிட்டால் பிள்ளைகளே வைக்கட்டும், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முறையே "மூணு வால்", "ரெண்டு வால்", "வீடுகட்டி" என்கிறார்கள். ஒரு எச்சரிக்கை, சில மேஃப்ளைக்கும் இரண்டு வால்தான் இருக்கும், அதனால் வாலை மட்டும் நம்பாமல் வயிற்றின் இரண்டு ஓரத்திலும் குட்டி இலை மாதிரி செவுள் படபடக்கிறதா என்று பார்க்கணும். படபடத்தால் மேஃப்ளை. வீடுகட்டி என்பது கேடிஸ்ஃப்ளையின் புழு, தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணலையும் குச்சியையும் ஒட்டிக் குழாய் மாதிரி வீடு கட்டி அதற்குள்ளேயே இருக்கும். முதல் தடவை அது தலையை நீட்டி வீட்டை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்த பிள்ளை அதற்கப்புறம் ஆற்றில் ஆட்டம் போடாது, நான் பார்த்திருக்கிறேன்.

இந்த மூன்றுக்கும் ஆக்ஸிஜன் நிறைய வேண்டும், அழுக்கு ஆகாது. மாறாக, ரத்தச் சிவப்பில் நெளிகிற ரத்தப்புழு மட்டுமே தட்டு நிறைய இருந்தால் அங்கே ஆக்ஸிஜன் குறைச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் இருக்கிற அதே ஹீமோகுளோபின், காற்று குறைவான சேற்றில் தாக்குப்பிடிக்க அதற்கு அது உதவுகிறது. எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா?

பூச்சியில் இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள் தண்ணீரை அளப்பது மாதம் ஒரு நாள், அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும். முந்தின வாரம் யாராவது எதையாவது கொட்டியிருந்தால் அது எப்போதோ ஓடிப்போயிருக்கும். பூச்சி அங்கேயே மாதக்கணக்கில் குடியிருக்கிறது. உங்கள் அடிவாரத்தில் மாந்தோப்பு நிறைய, பூ பிடிக்கிற தை, மாசியில் மருந்து அடிப்பார்கள். சூடு சரியாக இருக்கிறது, ஆக்ஸிஜன் சரியாக இருக்கிறது, ஆனால் போன மாதம் தட்டில் துள்ளிய மூணு வாலெல்லாம் திடீரென்று காணோம் என்றால் மருந்தைச் சந்தேகப்படலாம். பூச்சி மருந்து பூச்சியைத்தானே கொல்லும். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை, ஒரு பெரிய வெள்ளம் வந்து போனாலும் தட்டு காலியாகத்தான் இருக்கும்.

இடம் மூன்று போதும். ஊருக்கு மேலே ஒன்று, ஊரை ஒட்டி ஒன்று, சாக்கடை கலந்ததற்குக் கீழே ஒன்று. மேலே உள்ள இடம் இல்லாமல் கீழே மட்டும் அளந்தால் எதோடு ஒப்பிடுவீர்கள்? படித்துறையை மட்டும் விட்டுவிடுங்கள். பார்த்து முடித்ததும் பூச்சியை எடுத்த இடத்திலேயே விட்டுவிடணும், இதை முதல் நாளே சட்டமாக்கிவிடுங்கள்.

மறையூர்க்காரன் (பதில்)

மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், மறையூர். எங்கள் பாம்பாறு கேரளத்தில் கிழக்கே ஓடுகிற மூன்று ஆறுகளில் ஒன்று, கபினியும் பவானியும் மற்ற இரண்டு. இங்கே பொறந்து சின்னாறு வழியாக அமராவதி அணைக்குப் போய்விடுகிறது, உடுமலைக்காரர்கள் வயலுக்குப் பாய்கிற தண்ணீரில் எங்கள் கரும்புக்காட்டுத் தண்ணீரும் உண்டு என்று நான் அடிக்கடி சொல்லிக்காட்டுவேன்.

சால்மன் இல்லை என்று டீச்சர் வருத்தப்பட வேண்டாம், சால்மன் குடும்பத்து மீன் நம் மலையிலேயே இருக்கிறது. மூணாறு ராஜமலை மேலே ஓடைகளில் ரெயின்போ டிரவுட். வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்கக் கொண்டுவந்து விட்டது. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-லேயே இதற்குக் குஞ்சு பொரிப்பகம் கட்டினார்கள். ஆனால் அது வந்தேறி மீன், அது கொழுத்து வளர்ந்தால் ஓடை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, தண்ணீர் ஜில்லென்று, ஆக்ஸிஜனோடு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

நம்ம ஊர் மீனும் ஏறும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. முதல் மழை விழுந்து புதுத்தண்ணி வந்ததும் சினை மீன்கள் ஆற்றிலிருந்து ஓடைக்கும் வயலுக்கும் எதிர்த்து ஏறுவதைக் கேரளத்தில் ஊத்த என்பார்கள். அந்த நேரத்தில் மடக்கிப் பிடிப்பது வெகு சுலபம், அதனாலேயே கூடை கூடையாக அள்ளிவிடுவார்கள். இங்கே 2010-ல் வந்த உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி அப்படி ஏறுகிற மீனைப் பிடிப்பது குற்றம். சட்டம் இருந்தும் ஜூன் மாதத்தில் பாலத்தடியில் கூட்டம் குறைவதில்லை, அது வேறு கதை.

சால்மன் கடலிலிருந்து ஏறுகிறது, நம்ம கெண்டை கெளுத்தி அரை மைல் ஏறுகிறது, தூரம்தான் வித்தியாசம், அறிவு ஒன்றுதான். அதனால் டீச்சர், புதுத்தண்ணி வருகிற வாரம் உங்கள் ஆற்றில் தடுப்பணைக்குக் கீழே மீன் முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பிள்ளைகளைக் கரையில், மேலே, பத்திரமான இடத்தில் நின்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். என்ன தேதி, மழை பெய்து எத்தனை நாள் கழித்து, எந்த மீன். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு விஷயம், காட்டுக்குள் போகாதீர்கள். எங்கள் சின்னாறு சரணாலயத்தில் ஒரு கல்லைப் புரட்டவும் அனுமதி வேண்டும், உங்கள் பக்கமும் 2018 குரங்கணித் தீக்குப் பிறகு வனத்துறை கெடுபிடி அதிகம், அது நியாயம்தான்.

தோப்புக்காரன் (பதில்)

எல்லாரும் அழகாகத்தான் எழுதுகிறீர்கள். நான் கம்பம் பக்கம். எங்கள் ஊரிலும் ஒரு பள்ளியில் இப்படித்தான் ஆற்றுக்கு இறங்கினார்கள். தொப்பி, பேனர், கையுறை, குப்பை பொறுக்குவது, அளப்பது, பேப்பரில் போட்டோ. மனு ஒன்று கொடுத்தார்கள். அப்புறம் அந்த நோட்டை யாரும் திறக்கவில்லை, அந்த டீச்சர் மாற்றலாகிப் போனதோடு முடிந்தது. சாக்கடை இன்றைக்கும் அதே இடத்தில்தான் விழுகிறது. சாக்கடை விழுகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்குத் தெரிகிறது, இதற்குப் பூச்சி எண்ணிக் கண்டுபிடிக்கணுமா? கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

மழைநாட்டான் (பதில்)

தோப்புக்கார அண்ணனுக்குப் பதில் சொல்லலாம் என்றுதான் லாகின் செய்தேன். சொந்த ஊர் தேவாரம், பதினோரு வருடமாக சியாட்டிலில் இருக்கிறேன். டீச்சரின் அக்கா மகள் போகிற மாதிரியான ஓடைகளில் மழைக்காலச் சனிக்கிழமைகளில் நானும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடப்பேன்.

இங்கே கோஹோ என்று ஒரு சால்மன் வகை. இலையுதிர் காலத்தில் மழை வந்ததும் கடலிலிருந்து நகரத்து ஓடைகளுக்கு ஏறும். சரளைக்கல்லில் குழி பறித்து முட்டை போடும், அந்தச் சரளையில் வண்டல் படிந்துவிட்டால் முட்டைக்குக் காற்று போகாமல் செத்துவிடும், அதனால்தான் இங்கே பிள்ளைகள் கலங்கலை அவ்வளவு கவனமாக அளக்கிறார்கள். ஆனால் இந்த ஓடைகளில் கோஹோ வேறு மாதிரி செத்தது. நல்ல மழை பெய்த சில மணி நேரத்தில் மேல்மட்டத்தில் வட்டமடிக்கும், வாயைப் பிளக்கும், கவிழ்ந்துவிடும். செத்த பெண் மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்தால் முட்டை அப்படியே இருக்கும், ஒன்றுகூடப் போட்டிருக்காது. நான் முதல் தடவை அதைப் பார்த்தபோது கையில் ஆரஞ்சு மணி மாதிரி வழுக்கி விழுந்தது, பட்டாணி அளவு. அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தண்ணீரைச் சோதித்தால் சூடு சரி, ஆக்ஸிஜன் சரி. பல வருடம் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. ஆனால் எந்த ஓடையில், எந்தத் தேதியில், எத்தனை மீன், முட்டை போட்டதா போடவில்லையா என்று ஆள்கள் நடந்து நடந்து எழுதி வைத்திருந்தார்கள். அதை மழைத் தேதியோடும் ரோட்டோடும் வைத்துப் பார்த்ததில்தான், வண்டி அதிகம் ஓடுகிற பகுதி ஓடைகளில் சாவு அதிகம் என்று தெரிந்தது. அந்த வழியைப் பிடித்துப் போய், 2020 டிசம்பரில் ஆராய்ச்சியாளர்கள் சயன்ஸ் இதழில் விஷயத்தை உடைத்தார்கள். டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்கச் சேர்க்கிற 6பிபிடி என்ற ரசாயனம், காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி குவினோன் என்று மாறுகிறது, மழை அதை ரோட்டிலிருந்து ஓடைக்கு அடித்துக்கொண்டு வருகிறது. அதே தண்ணீரில் சம் என்ற இன்னொரு சால்மன் வகைக்கு ஒன்றும் ஆகவில்லை, கோஹோ மட்டும் செத்தது. மணலும் மக்கும் கலந்த மண் வழியாக அந்த ரோட்டுத் தண்ணீரை வடித்து விட்டால் கோஹோ பிழைத்துக்கொள்கிறது, அதையும் காட்டினார்கள்.

அண்ணே, "மீன் சாகிறது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது. உங்கள் ஊர்ச் சாக்கடையும் அப்படித்தான். நாறுகிறது என்றால் "எப்போதும் நாறத்தான் செய்யும்" என்பார்கள். மேல் இடத்தில் பன்னிரண்டு மாதமும் வீடுகட்டி இருந்தது, சாக்கடைக்குக் கீழே ஒரு மாதம்கூட இல்லை, இந்தாருங்கள் நோட்டு என்றால் பேச்சு வேறு மாதிரி போகும். போகாமலும் இருக்கலாம், உத்தரவாதம் தரவில்லை. ஆனால் டீச்சர் மாறிப்போனாலும் நோட்டு பள்ளியில் இருக்கணும், அதை முதலிலேயே யோசியுங்கள். ஒன்றே ஒன்று, டயர் கதையை வைத்து போடிமெட்டு ரோட்டு ஜீப்பால் அயிரை செத்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பக்கத்து உறவான சம்மையே ஒன்றும் செய்யாத விஷம் கோஹோவைக் கொன்றது, அயிரை எங்கே, சால்மன் எங்கே.

பழைய லஸ்கர் (பதில்)

டீச்சரம்மா, பொதுப்பணித்துறையில் லஸ்கராக 31 வருடம் மதகு திறந்து மூடின ஆள் நான். பேத்திதான் இதைத் தட்டச்சு செய்கிறாள். பூச்சி, மீன் எல்லாம் எனக்குத் தெரியாது, தண்ணீர் தெரியும். எத்தனை தண்ணீர் போகிறது என்று எழுதாமல் மற்றதை எழுதினால் கணக்கு நிற்காது. ஒரு குடம் சாக்கடை நூறு குடத்தில் விழுவதும் பத்துக் குடத்தில் விழுவதும் ஒன்றா?

ஒரு எலுமிச்சம்பழம் போதும். நேராக ஓடுகிற இடத்தில் கரையோரம் 10 மீட்டர் கயிறு பிடியுங்கள். மேலே பழத்தைப் போட்டு, கீழே வந்து சேர எத்தனை செகண்டு என்று மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். எலுமிச்சை பாதிக்கு மேல் முங்கி மிதக்கும், காற்று தள்ளாது, தக்கையைப் போட்டால் காற்றோடு ஓடிவிடும். அகலத்தையும், நாலைந்து இடத்தில் குச்சி ஊன்றி ஆழத்தையும் அளங்கள். 4 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம், பழம் 20 செகண்டில் வந்தால் செகண்டுக்கு அரை மீட்டர். மூன்றையும் பெருக்கி, மேல் தண்ணீர் அடித் தண்ணீரைவிட வேகமாகப் போகும் என்பதால் 0.85-ஆல் பெருக்கணும். செகண்டுக்கு 0.51 கன மீட்டர், எங்கள் பாஷையில் 18 கன அடி. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 24 செகண்டில் நிரம்பிவிடும் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

அப்புறம் முக்கியமானது. போடியில் வெயில் அடிக்கும், குரங்கணியில் மழை கொட்டும். காட்டாறு சத்தம் போட்டுக்கொண்டு வராது, திரும்பிப் பார்ப்பதற்குள் இடுப்புக்கு வந்துவிடும். தெளிந்த தண்ணீரில் திடீரென்று சருகும் குச்சியும் வருகிறதா, நிறம் மாறுகிறதா, பேச்சே கிடையாது, கரை ஏறிவிடணும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் இறங்கவே இறங்காதீர்கள், கரையிலிருந்து பார்ப்பது போதும். ஒரு பாறையில் பெயின்ட் கோடு போட்டு அளவு எழுதி வையுங்கள், அதைக் கரையிலிருந்தே படிக்கலாம். ஒரு தடவைக்கு ஆறு பிள்ளைக்கு மேல் தண்ணீருக்குள் வேண்டாம், மற்றவர்கள் கரையில் எழுதட்டும், ஒருவன் மேல்பக்கம் பார்த்துக்கொண்டே நிற்கணும், அவனுக்கு அன்றைக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. காலில் புண் இருக்கிற பிள்ளையை இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும்.

கல்புரட்டி (பதில்)

தாத்தா சொன்னதை அப்படியே அச்சடித்து ஒட்டலாம்.

ஆக்ஸிஜனை விட்டுவிட்டேன். பக்கத்து மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியரைப் பிடியுங்கள், விங்க்ளர் முறை. ஆற்றுத் தண்ணீரைக் குமிழி இல்லாமல் பாட்டிலில் நிரப்பி மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டால், ஆக்ஸிஜன் இருக்கிற தண்ணீரில் காப்பிப்பொடி நிறத்தில் படியும், ஆக்ஸிஜன் துளியும் இல்லாவிட்டால் வெள்ளையாகப் படியும். அதற்கப்புறம் அமிலம், டைட்ரேஷன் எல்லாம் ஆசிரியர் கையில், ஆய்வகத்தில். முடிகிறபோது மாவுக்கரைசலின் நீலம் ஒரு சொட்டில் மறையும். 20 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்ஸிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் சூட்டை எழுதாத ஆக்ஸிஜன் எண் வெறும் எண். பாசி நிறைந்த இடத்தில் விடிகாலையில் ஆக்ஸிஜன் அடிமட்டத்தில் இருக்கும், மதியம் ஏறிவிடும், எப்போதும் ஒரே நேரத்துக்குப் போங்கள்.

குடிக்கிற தண்ணீரில் மலக்கிருமி பார்க்க ஒரு கறுப்பாகிற பாட்டில் சோதனை உண்டு, குவாலியரில் இருந்த நம் ஆராய்ச்சியாளர்கள் 1982-ல் கொண்டுவந்தது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள், உங்கள் ஊராட்சியில் அந்த அக்காக்கள் யார் என்று விசாரியுங்கள். மனு எழுதுவதைவிட அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது சுலபம்.

அயிரையைப் பற்றியும் ஒன்று. அதை உங்கள் சால்மன் என்று கொடி கட்டுவதற்கு முன் யோசியுங்கள். அயிரைக் குடும்பத்து மீன்கள் பலவும் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக் குடலாலேயே சுவாசித்துச் சமாளிக்கும். ஆக்ஸிஜன் குறைந்தால் அது முதலில் சாகிற மீன் இல்லை. அதற்குத் தேவை மணல், புதைந்துகொள்ள. தாத்தா வேட்டியில் அள்ளின இடத்தில் இப்போது அயிரை இல்லை என்றால், தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே மணல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடைக்கரை டீச்சர் (பதில்)

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கணும். நடுவில் தேர்வு.

மூன்று இடம் பிடித்தோம். தோப்புக்கார அண்ணன் கோபப்படாமல் இருக்க, பேனர் இல்லை, போட்டோ இல்லை. பெரிய கணக்கு நோட்டு ஒன்று, அட்டை போட்டு, பள்ளியின் இருப்புப் பதிவேட்டிலேயே ஏற்றிவிட்டேன், நான் மாறிப்போனாலும் அடுத்தவர் கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆகணும்.

முதல் மாதமே ஒரு கூத்து. மேலே 24 டிகிரி, கீழே 28 டிகிரி. பிள்ளைகள் "சாக்கடையால ஆறு சுடுது" என்று முடிவே கட்டிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி நோட்டைப் பார்க்கிறேன், மேலே அளந்தது காலை எட்டேகால், கீழே அளந்தது மதியம் பன்னிரண்டு, நடுவில் எல்லாருக்கும் பொங்கல் வாங்கிக் கொடுத்து உட்கார்ந்துவிட்டோம். அடுத்த மாதம் இரண்டு குழுவாகப் பிரிந்து, போனில் பேசிக்கொண்டு, இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் தெர்மாமீட்டரை விட்டார்கள். வித்தியாசம் ஒரே ஒரு டிகிரி. முதல் எண்ணை அழிக்க வேண்டாம், பக்கத்தில் "நேரம் தப்பு" என்று எழுதுவோம் என்று ஒரு பெண் சொன்னாள், அப்படியே விட்டிருக்கிறோம். (ஒரு பையன் வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைக் கொண்டுவந்திருந்தான், அது 35-க்குக் கீழே காட்டவே இல்லை, ஆறு செத்துவிட்டது என்று பயந்துவிட்டான்.)

கல்புரட்டி அண்ணா, மேல் இடத்தில் வீடுகட்டி ஒன்பது, மூணு வால் நிறைய, எண்ண முடியாமல் "40-க்கு மேல்" என்று எழுதினோம். ரெண்டு வால் ஒன்று. ஒரு வீடுகட்டியின் வீட்டில் மணலோடு ஒரு மினுக்கும் கல் துணுக்கு ஒட்டியிருந்தது, கண்ணாடியில் பார்க்க ஜன்னல் மாதிரி இருந்தது, அதற்காகவே ஒரு வரிசை நின்றது. சாக்கடைக்குக் கீழே இரண்டு மாதமும் ரத்தப்புழுவும் நத்தையும்தான்.

அயிரை மேல் இடத்தில் இல்லை, அங்கே முழுக்கப் பாறை. நடு இடத்தில் ஒரு மணல் திட்டு இருக்கிறது, மாட்டு வண்டி அகலம்கூட வராது, அதில் மட்டும் ஏழு. நீங்கள் சொன்னதற்கப்புறம்தான் எனக்கே அந்தத் திட்டு கண்ணில் பட்டது. தாத்தா வேட்டி விரித்த இடத்தை அந்தப் பையன் காட்டினான், அங்கே இப்போது களிமண்ணும் கோரைப்புல்லும்தான். தாத்தாவையே அடுத்த மாதம் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன், மணல் எதுவரை இருந்தது என்று அவர் நடந்து காட்டினால் பிள்ளைகள் கயிறு பிடித்து வரைபடம் போடுவார்கள்.

லஸ்கர் ஐயா, 6 கன அடி. எலுமிச்சம்பழம் இரண்டு தடவை கல்லில் சிக்கிக்கொண்டது, அதைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று சண்டை. சேர்க்கவில்லை, சரிதானே?

பழைய லஸ்கர் (பதில்)

சரிதான். சிக்கினதை விட்டுவிட்டு மறுபடி போடணும். கோடு போட்ட பாறை எந்தக் கரையில் இருக்கிறது? மேற்குக் கரை என்றால் வெள்ளத்தில் அந்தப் பக்கம் போக முடியாது, கிழக்கே இன்னொரு கோடு போட்டு வையுங்கள், மழைக்கு முன்னால்.